மாசி வீதியைச் சுற்றிய என்சைம்

தட்டில் விழுந்த இட்லிக்கு, நீ இந்த வழியாக இறங்கி, அங்கே இரண்டாக உடைந்து, கடைசியில் இன்னாராகப் போய்ச் சேருவாய் என்று வழி சொல்லி அனுப்பிவைத்த மனிதன் மதுரை மாநகரத்தில் ஒருவன்தான் உண்டு. அவனோடு இரண்டு வருஷம் ஒரே ஹாஸ்டல் அறையில் குடியிருந்து, ஒருவேளைச் சாப்பாட்டைக்கூட நிம்மதியாகச் சாப்பிடாத பாவி நான்.

நாங்கள் எம்.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரி படித்தோம். தின்ற சோறு உடம்புக்குள் போய் எப்படி உடைகிறது, எப்படிச் சக்தியாகிறது என்பதுதான் அந்தப் படிப்பில் பாதி. மெட்டபாலிசம் என்பார்கள். எங்களுக்கு அது ஒரு பேப்பர். அவனுக்கு அது ஊர் வம்பு. எந்த மூலக்கூறு எதனோடு சேர்ந்தது, எங்கே போய்ப் பிரிந்தது, நடுவில் நின்று தூண்டிவிட்டது யார் என்றெல்லாம் குழாயடியில் பேசுவதைப் போலப் பேசுவான்.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவில் அதை வாசித்தால் 'யார்ரா இது புதுசா' என்று நாங்களே திரும்பிப் பார்ப்போம். எங்களுக்கு அவன் என்சைம். முதல் வாரத்திலேயே வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது.

எங்களுக்கு மெட்டபாலிசம் எடுத்தவர் ஜெசிந்தா மேடம். குரலை உயர்த்தாமலே வகுப்பை நடுங்க வைக்கிறவர். அந்த வாரம் ஒருநாள், "என்சைம்னா என்னன்னு சொந்த வார்த்தையில சொல்லுங்க பாப்போம்" என்றார். எல்லோரும் காலடியில் எதையோ தேட ஆரம்பித்தோம். இவன் எழுந்தான்.

"எங்க செல்லூர்ல ஒரு கல்யாணத் தரகர் இருக்காரு மேடம். அவரு இல்லாட்டி பொண்ணு ஒரு பக்கம், மாப்பிள்ள ஒரு பக்கம் சும்மாவே கெடக்கும். அவரு வந்து ரெண்டு பேரையும் ஒரு எடத்துல உக்கார வச்சாருன்னா வெரசா முடிஞ்சு போகும். முடிஞ்ச கையோட அடுத்த வீட்டுக்குப் போயிருவாரு. அவருகிட்ட மட்டும் ஒரு மாத்தமும் இருக்காது."

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். "கமிஷன் வாங்குவாரா?"

"அந்த எடத்துலதான் மேடம் எனக்கும் உதைக்குது."

ஜெசிந்தா மேடம் வகுப்பில் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம். அந்தச் சிரிப்புக்காகவே அவனுக்கு அந்தப் பெயரை வைத்தோம்.

இவனிடம் ஒரு கோளாறு உண்டு. உட்கார்ந்தால் மூளை வேலை செய்யாது, நடந்தால்தான் ஓடும். நான் நேர் எதிர். எனக்கு நடை என்றாலே ஆகாது. தட்டைப் பாதம், கூடவே சோம்பேறித்தனம். அடுத்த தெருவுக்கும் ஆட்டோ கூப்பிடுகிற ஆள். கடவுள் எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டு வேடிக்கை பார்த்தார். நான் கட்டிலில் படுத்திருப்பேன். அவன் கட்டிலைச் சுற்றி நடந்தபடியே, சர்க்கரை உடைகிற கிளைகோலிசிஸ் பாடத்தைச் சொல்லுவான். அவனைப் பார்த்தே எனக்குத் தலை சுற்றும்.

இத்தனைக்கும் வீடு கூப்பிடு தூரத்தில், செல்லூரில். அவன் அப்பா அங்கே விசைத்தறி போட்டிருந்தார். தறிச் சத்தத்தில் பையனுக்குப் படிப்பு ஏறாது, அமைதியாக உட்கார்ந்து படிக்கட்டும் என்று அவர்தான் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார். இவன் உட்காரவும் இல்லை, எங்களை அமைதியாக இருக்க விடவும் இல்லை.

எழுத்துத் தேர்வை எப்படி எழுதினான் என்று கேட்பீர்கள். தேர்வு ஹாலின் கோடியில் ஒரு தண்ணீர்ப் பானை இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் இவனுக்குத் தாகம் எடுக்கும். பானைக்குப் போகும்போது பாதி விடை, திரும்பி வரும்போது மீதி. ஒரு தடவை கண்காணிப்புக்கு வந்த வாத்தியார், "தம்பி, சுகர் கிகர் இருக்கா? எதுக்கும் டெஸ்ட் பண்ணிப் பாரு" என்று அக்கறையாகச் சொல்லியிருக்கிறார். இப்படித் தண்ணீர் குடித்தே எல்லாப் பேப்பரையும் தட்டுத் தடுமாறிக் கரையேற்றினான்.

சாயங்காலம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா சாப்பிடப் போவோம். அங்கேயும் உட்கார மாட்டான். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கல்லுக்கும் பெஞ்சுக்கும் நடுவே உலாத்துவான். ஒருநாள் பரோட்டா மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"தம்பிக்கு உக்கார முடியாத வியாதி ஏதுமா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லண்ணே, யோசிக்கிறான்."

"பரோட்டால யோசிக்க என்னய்யா இருக்கு?"

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. "என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க" என்று ஆரம்பித்தான் இவன். மைதா, மாவுச்சத்து, குளுக்கோஸ், அங்கிருந்து பைருவேட் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், "அம்புட்டையும் எரிச்சா ஒரு குளுக்கோஸுக்கு முப்பத்தெட்டு ஏடிபின்னு பழைய புஸ்தகத்துல போட்டிருக்கான். புதுப் புஸ்தகத்துல முப்பத்தி ரெண்டுங்கிறான். மிச்சம் ஆறு எங்கண்ணே போச்சு?" என்று மாஸ்டரிடமே கேட்டான். ஏடிபி என்பது உடம்பு செலவழிக்கிற சக்தியின் சில்லறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் கரண்டியைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினார். "நடுவுல எவனாச்சும் அடிச்சிருப்பான். நீ சால்னாவ ஊத்தித் தின்னுட்டு எடத்தக் காலி பண்ணு."

மறுநாள் மேடத்திடம் போய், "ஆறு ஏடிபிய நடுவுல எவனோ அடிச்சிட்டான்னு வெளிய பேச்சா இருக்கு மேடம்" என்றான். மேடம் அசரவில்லை. "யாரும் அடிக்கலப்பா. மைட்டோகாண்ட்ரியா சவ்வுல கொஞ்சம் கசியும், சரக்கு ஏத்தி இறக்குற செலவும் இருக்கு" என்றார். அன்று சாயங்காலமே இவன் ஆரப்பாளையம் போய் அந்தத் தகவலை மாஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான். பாதியில் விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை.

இதெல்லாம் விளையாட்டு. வினை வந்தது பட்டினி ரூபத்தில்.

கீட்டோன் பாடம் நடந்தது. சாப்பாடே இல்லாமல் கிடந்தால் உடம்பு கொழுப்பை எரிக்கும், அப்போது மூச்சில் அசிட்டோன் வாடை வரும் என்றார் மேடம். "படிச்சா புரியாது மாப்ள, வாழ்ந்து பாக்கணும்" என்று இவன் அன்றே சாப்பாட்டை நிறுத்திவிட்டான். வெறும் தண்ணீர். கட்டிலைச் சுற்றுகிற நடை மெதுவானது, குரல் இறங்கியது, ஆனால் வாய் ஓயவில்லை. இரண்டு நாள் கழிந்த காலையில் என்னை உலுக்கி எழுப்பி முகத்துக்கு நேராக ஊதினான். நகப்பாலிஷ் புட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாடை.

"வந்திருச்சு மாப்ள. நல்லா மோந்து பாரு."

அறை அறையாகப் போய் எல்லோருடைய முகத்திலும் ஊதிக் காட்டினான். மாடிப்படியில் எதிரே வார்டன் வந்தார். அவர் வரலாற்றுப் பேராசிரியர். கேட்டுக்கு வெளியே பிடித்த சிகரெட்டை மூன்றாவது மாடியிலிருந்து கண்டுபிடிக்கிற மூக்கு அவருக்கு. பிடிபட்டான்.

"ஊது." ஊதினான்.

"காலங்காத்தாலயேவா?"

"சார், இது சரக்கு இல்ல சார். அசிட்டோன். வெளியில இருந்து வரல. உடம்புக்குள்ளயே தயாராகுது."

வார்டன் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீ வாங்கிக் குடிக்கல. உள்ளயே காய்ச்சுற."

அப்பாவுக்குப் போன் போனது. அவர் தறியை நிறுத்திவிட்டு, தலையிலும் சட்டையிலும் பஞ்சு ஒட்டியிருக்க, மொபெட்டில் வந்து இறங்கினார். வீட்டில் அவர்கள் சௌராஷ்டிர மொழி பேசுகிறவர்கள். அப்பாவும் பையனும் வார்டன் அறையில் நின்று அந்த மொழியிலேயே சண்டை போட்டார்கள். வார்டனுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அப்பா பேசும்போதெல்லாம் 'சரியாகச் சொன்னீர்கள்' என்பதைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் போய் ஜெசிந்தா மேடத்தைக் கூட்டி வந்தேன். மேடம் ஒரே ஒரு தடவை மோந்து பார்த்தார்.

"கீட்டோசிஸ். நல்லாவே வந்திருக்கு. இவனுக்கு ரெண்டு இட்லி குடுங்க சார், பொழுது சாயுறதுக்குள்ள வாடை போயிரும்."

போய்விட்டது. வார்டன் சாயங்காலம் மறுபடி ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூக்கைத் தடவிக்கொண்டே போனார். ஆனால் அப்பாவுக்கு மனம் ஆறவில்லை. கிளம்பும்போது மேடத்திடம், "படிக்க வந்த புள்ள பட்டினி கெடந்து சாராய வாடை அடிக்கிறான். இது என்ன படிப்போ எனக்குத் தெரியலம்மா" என்றார். பிறகு பையன் பக்கம் திரும்பி, எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ தமிழிலேயே சொன்னார்.

"இந்தப் படிப்புல ஏதாச்சும் ஒண்ணு நின்னுச்சுன்னா, பெட்டியத் தூக்கிட்டுத் தறிக்கு வந்துரணும். அதுக்கப்புறம் என்கிட்ட ஏடிபி கீடிபின்னு வரக் கூடாது."

இவன் சரி என்று தலையாட்டினான். அன்று அவன் கட்டிலைச் சுற்றவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. வாத்தியார் வேலை பார்க்க வேண்டும், சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. தறி மோசமான தொழில் இல்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் இவன் பேசுவதை யார் கேட்பார்கள்?

கடைசி செமஸ்டரில் வைவா. வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து எதிரே உட்கார்ந்து வாய்மொழியாகக் கேள்வி கேட்பார். அதிலும் பாஸ் ஆனால்தான் பட்டம். எங்களுக்கெல்லாம் சிட்ரிக் அமிலச் சுழற்சிதான் எமன். ஒன்று இன்னொன்றாகி, அது வேறொன்றாகி, எட்டுப் பெயர் தாண்டி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கும் ஒரு வட்டம். காலையில் மனப்பாடம் செய்தால் மத்தியானச் சாப்பாட்டில் கரைந்துவிடும். எங்கள் வகுப்பில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிற பிரின்சியே அதில் இரண்டைக் குழப்பிக்கொண்டு அழுதுவிட்டாள்.

"உக்காந்து படிச்சா இப்பிடித்தான். எந்திரிங்க பூராப் பேரும். மாசி வீதிக்குப் போவோம்" என்றான் என்சைம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றிக் கீழமாசி, தெற்குமாசி, மேலமாசி, வடக்குமாசி என்று நான்கு வீதிகள். சித்திரைத் தேர் கீழமாசி வீதியில் தேரடியிலிருந்து கிளம்பி நாலு வீதியும் சுற்றித் தேரடிக்கே வந்து நிலை சேரும். நாலு வீதி, நாலு முக்கு, கூட்டினால் எட்டு. இது ஒன்று போதாதா அவனுக்கு?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வகுப்பையே தேரடியில் கொண்டுபோய் நிறுத்தினான். நாலு பேரைப் பிடித்து, "நீங்க நாலு கார்பன். உங்க பேரு ஆக்சலோ அசிட்டேட்" என்றான். என்னையும் இன்னொருவனையும் தனியாக நிறுத்தி, "நீங்க ரெண்டு பேரு அசிட்டைல். சாப்பாட்டுல இருந்து புதுசா வாரீங்க. இப்ப ஏறிக்கங்க" என்றான். ஆறு பேரானோம், மற்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். எலுமிச்சம்பழக் கூடைக்காரர் ஒருவர் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "சிட்ரேட் வந்தாச்சு. மறக்கவே கூடாது" என்றான். அவர் ஒன்றும் புரியாமல், "கிலோவா வேணுமா தம்பி?" என்றார்.

கீழமாசியும் தெற்குமாசியும் சேர்கிற விளக்குத்தூண் முக்கில் திரும்பினோம். "ஆளு அதே ஆளுதான். மூஞ்சி மட்டும் வேற பக்கம் திரும்பிருச்சு. இதுதான் ஐசோசிட்ரேட்." தெற்குமாசி வீதியில் ஒரு ஜிகர்தண்டா கடை. "இங்க ஒரு கார்பன் எறங்கிக் கார்பன் டை ஆக்சைடாப் போகணும்" என்றான். என் பாதம் அதற்குள் கெஞ்ச ஆரம்பித்திருந்தது. நான் முதல் ஆளாகக் கடைப் படியில் காலை வைத்தேன். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டான்.

"நீ எறங்க முடியாது மாப்ள."

"ஏன்டா?"

"இந்தச் சுத்துல ஏறுன கார்பன் இந்தச் சுத்துல எறங்காது. பழைய ஆளுகதான் எறங்கும். உனக்கு அடுத்தடுத்த சுத்துலதான் விடுதலை."

பழைய கார்பன் ஒருவன் என் கண் முன்னாலேயே பெரிய கிளாஸ் ஜிகர்தண்டாவோடு பெஞ்சில் சாய்ந்தான். அடுத்த முக்கில் இன்னொரு பழைய கார்பன் கழன்றுகொண்டது. நான் மேலமாசி வீதி முழுக்க இவனைத் திட்டிக்கொண்டே நடந்தேன். வடக்குமாசி வீதியில் ஒரு மோர்ப்பந்தல். "இங்கதான் தண்ணி சேருது. மேலேட்" என்று சொல்லி, எல்லோருக்கும் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் கொடுத்தான். மறுபடி தேரடி. ஆறில் மிஞ்சியது நாலே பேர். "பாத்தீங்களா, ஆரம்பிச்ச ஆக்சலோ அசிட்டேட்டே வந்து நிக்குது. தேரு நிலைக்கு வந்திருச்சு."

சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகு யாருக்கும் அந்த வட்டம் மறக்கவில்லை. பிரின்சி தினமும் வீட்டுக்குப் போகும்போது ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் பஸ் ஏறினாள்.

எங்களுக்கெல்லாம் இப்படிச் சொல்லிக்கொடுத்தவன், நிஜ வைவாவுக்கு முன்னால் மேடம் ஒத்திகையாக நடத்திய வைவாவில் என்ன செய்தான் தெரியுமா? ஜெசிந்தா மேடம், "உக்காரு" என்றார். உட்கார்ந்தான். சிட்ரேட்டுக்கு அடுத்தது என்ன என்று கேட்டார். இவன் பேந்தப் பேந்த விழித்தான். தண்ணீர்ப் பானையும் கிடையாது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாகிவிட்டது. மேடம் சைபர் போட்டார். அந்தச் செய்தி எப்படியோ செல்லூர் வரைக்கும் போய்விட்டது.

நிஜ வைவா நாளில், கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து பரிசோதகர் வந்தார். கனத்த உடம்பு, மரியாதையான பேச்சு. லேப் நடுவே நீள மேசை, அதன் ஒரு தலைமாட்டில் அவரும் மேடமும். நாங்கள் அகர வரிசையில் ஒவ்வொருவராக உள்ளே போனோம். என் முறை வந்தது.

"சுழற்சில சேர்ற அசிட்டைல் கார்பனுங்க, அதே சுத்துல கார்பன் டை ஆக்சைடா வெளிய போகுங்களா தம்பி?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தானே என் பாதம் காத்துக்கிடந்தது. "போகவே போகாது சார். எனக்கு நல்லாத் தெரியும். ஜிகர்தண்டா கடையில என்னைய எறங்கவே விடல."

பரிசோதகர் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னலைப் பார்த்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு சரியான பெயர்களைச் சொல்லித் தப்பித்தேன். எனக்குப் பின்னால் போனவனிடம் தண்ணீர் எங்கே சேருகிறது என்று கேட்க, பயத்தில் "மோர்ப்பந்தல்ல சார்" என்றிருக்கிறான். சரி, நாங்கள் கடைசி பெஞ்சு. பிரின்சியாவது மானத்தைக் காப்பாற்றுவாள் என்று பார்த்தால், "சிட்ரேட் எப்பிடிம்மா ஐசோசிட்ரேட் ஆகுது?" என்றதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு, "விளக்குத்தூண்ல திரும்பும் சார்" என்றாள்.

பரிசோதகர் பேனாவை மூடி வைத்தார். "ஏனுங்க மேடம், உங்க காலேஜுக்கு சிலபஸ் வேறைங்களா?"

அடுத்து என்சைம். முடித்தவர்கள் எல்லோரும் வராந்தா ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றோம். அப்போது என் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது. திரும்பினால் அவன் அப்பா. தலையில் பஞ்சு. வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. பெட்டி படுக்கையை ஏற்றிப்போக வந்திருந்தார்.

உள்ளே, "உட்காருங்க தம்பி" என்றார் பரிசோதகர். உட்கார்ந்தான். போச்சு என்று நினைத்தேன். சுழற்சியை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பரிசோதகர் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

அப்போது ஜெசிந்தா மேடம் சொன்னார். "சார், ஒரு நிமிசம். அவன எந்திரிக்கச் சொல்லுங்க."

"நின்னுட்டுச் சொல்றாருங்களா?"

"நின்னா போதாது சார். நடக்கணும்."

பரிசோதகருக்கு அன்று வந்த அதிர்ச்சிகளில் இதைத் தனியாகக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை போலும். கையை விரித்தார். என்சைம் எழுந்தான். மேசையைச் சுற்றி மெதுவாக நாலு எட்டு வைத்தான். அவ்வளவுதான், திறந்துகொண்டது. தெருப் பெயர் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு மூலக்கூறும் அதனதன் முழுப் பெயரோடு, ஒவ்வொரு படிக்கும் உரிய என்சைமோடு வரிசையாக வந்தது. மேசையின் மறுகோடிக்குப் போனதும் அவன் குரல் எட்டவில்லை. பரிசோதகர் காதைச் சாய்த்துப் பார்த்தார், முடியவில்லை. எழுந்து அவன் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார். மேடமும் எழுந்து நடந்தார்.

"நடுவால சக்சினேட்ட மாத்துற என்சைம மேலோனேட் வந்து அடைச்சுதுன்னா?" என்று நடந்தபடியே கேட்டார் பரிசோதகர்.

"மேலமாசி வீதி முக்குல பேரிகேட் போட்ட மாதிரி சார். பின்னாடி வர்ற சக்சினேட் பூராம் தேங்கிப்போகும். ஆனா சக்சினேட்ட அள்ளிக் கொட்டுனா மேலோனேட்டத் தள்ளிட்டு வழி கெடைச்சிரும்."

பரிசோதகர் சிரித்துவிட்டார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்ததும் இவன் குழாயைத் தொட்டுக் காட்டி, "இங்க தண்ணி சேருது சார்" என்றான். ஒரு சுற்று முடிந்தது. பரிசோதகர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "போதுமுங்க தம்பி" என்றார்.

"போதாது சார். ஒரு குளுக்கோஸுக்கு ரெண்டு அசிட்டைல். ரெண்டு சுத்துப் போகணும். ஒண்ணோட நின்னா பாதிக் கணக்குதான் வரும்."

"சொன்னாலே போதுமுங்களே."

"வாங்க சார்" என்று அவன் நடந்துவிட்டான். அந்தக் கனத்த மனுஷரும் மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டாவது சுற்றுக்குப் போனார். எனக்குக் கண் கலங்கியது. சிரித்ததாலா வேறெதற்கா என்று என்னைக் கேட்காதீர்கள்.

"என்ன தம்பி, வாத்தியார வெரட்டுறானா?" என்று அப்பா என் காதோரம் கேட்டார்.

"இல்லப்பா. பரீட்சை. நல்லாச் சொல்றான்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"சின்ன வயசுல இப்பிடித்தான் தம்பி. தறிக்கு நடுவுல நான் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே இருப்பேன். இழை அந்துச்சான்னு பாக்கணும்ல, உக்கார முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பின்னாடியே நடந்து பாடம் ஒப்பிப்பான். சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்காது. தலைய மட்டும் ஆட்டுவேன்."

உள்ளே இரண்டாவது சுற்று முடிந்து, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றான் என்சைம். "தேரு நிலைக்கு வந்திருச்சு சார்" என்று மேடம் சொன்னது ஜன்னல் வரைக்கும் கேட்டது.

பாஸ். எங்கள் எல்லோரையும்விட ஒரு மார்க் கூட. வெளியே வந்த பரிசோதகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஜிகர்தண்டா கடை எங்கைங்க இருக்கு?" என்றுதான் கேட்டார். கூட்டிப்போனோம். அவர் விருந்தாளி, எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம் என்று என்சைம் அனுமதி கொடுத்தான். லோடு ஆட்டோ காலியாகவே செல்லூர் திரும்பியது.

இப்போது அவன் அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் மெட்டபாலிசம் எடுக்கிறான். அவன் வகுப்பில் பெஞ்சுக்கு வேலையே இல்லை என்று கேள்வி. நான் ஒரு லேபில் ஊராருடைய சர்க்கரையை அளந்துகொண்டிருக்கிறேன். போனில் பேசுவோம். அவன் நடந்துகொண்டே பேசுவான், நான் படுத்துக்கொண்டே கேட்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் விளக்குத்தூண் முக்கில் திரும்பும்போது, ஒரு பட்டாளம் வழியை மறித்துக்கொண்டு போனது. பூராம் மாணவ மாணவிகள். முன்னால் ஒருவன் பின்பக்கமாக நடந்துகொண்டு, "ஆளு அதே ஆளுதான், மூஞ்சி மட்டும் திரும்பிருச்சு" என்று கத்திக்கொண்டிருந்தான். என்சைம் எதையும் மாற்றும், தான் மட்டும் மாறாது என்பது பாடம். என்னைப் பார்த்ததும், "ஏறு மாப்ள. ஆனா ஜிகர்தண்டா கடையில எறங்க முடியாது, இப்பயே சொல்லிட்டேன்" என்றான்.

பட்டாளத்தின் வாலில் ஒரு வயசானவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார். தலையில் பஞ்சு இல்லை, முடிதான் வெளுத்திருந்தது. பையன் சொல்லுகிற ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். நான் இறங்கிப் போய், "என்னப்பா, நீங்களும் படிக்கிறீங்களா? ஏதாச்சும் புரியுதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் புரியல தம்பி" என்றார். "ஆனா இப்ப நல்லாக் கேக்குது."

எனக்கு நடை ஆகாது என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன். ஆட்டோவை அனுப்பிவிட்டு, அவர் பின்னாலேயே தேரடி வரைக்கும் நடந்தேன்.